தானே ஊதும் குழல்: பக்தாதிலிருந்து தொண்டைமானாறு வரை

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் மூன்று சகோதரர்கள் வாழ்ந்தார்கள். முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்பன அவர்களின் பெயர்கள். மூஸா இப்னு ஷாகிரின் பிள்ளைகள் என்பதால் வரலாறு அவர்களை 'பனூ மூஸா' என்றே அழைக்கிறது. கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்த இவர்கள் கணிதம், வானியல், பொறியியல் மூன்றிலும் கை வைத்தவர்கள். கி.பி. 850ஐ ஒட்டி இவர்கள் எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்ற பொறிகள் பற்றிய நூலை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அதற்குப் புறம்பாக அவர்கள் எழுதிய சிறு ஏடொன்றுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. 'தானே ஊதும் கருவி' என்பது அதன் பொருள். பெய்ரூத்தில் கிடைத்த அதன் கையெழுத்துப் பிரதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. இஸ்லாமிய இசை வரலாற்றை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஹென்றி ஜார்ஜ் ஃபார்மர் 1931இல் வெளியிட்ட தமது நூலில் அதை ஆங்கிலத்தில் தந்தார்.

கருவியின் வேலை இதுதான். மூடிய பாத்திரமொன்றில் நீர் நிரம்ப நிரம்ப உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். அந்தக் காற்று ஒரு குழலுக்குள் போகும். குழலின் துளைகளை மூடித் திறக்க விரல்களுக்குப் பதிலாகச் சிறு நெம்புகோல்கள். நெம்புகோல்களை அசைக்க நீராற் சுழலும் ஓர் உருளை, அந்த உருளையின் மேல் முளைகள். எந்த முளை எங்கே இருக்கிறதோ அந்தத் துளை அந்த நேரத்தில் திறக்கும். முளைகளை மாற்றி அடித்தால் பாட்டு மாறும். 'நிரலிடக்கூடிய இயந்திரம்' என்று இன்று சொல்கிறோமே, அந்த வகையில் நமக்குத் தெரிந்த ஆகப் பழைய ஒன்று இது என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு அடுத்த பகுதி. முளைகளை எங்கே அடிப்பது என்று எப்படித் தெரியும்? கணக்குப் போட்டு அடிக்கலாம். ஆனால் பனூ மூஸா இன்னொரு வழியும் சொல்கிறார்கள். கருமெழுகு பூசிய உருளையைச் சுழலவிட்டு, கைதேர்ந்த குழலூதி ஒருவரை அருகில் வைத்து ஊதச் செய்து, அவருடைய விரல் எழும்பித் தாழ்வதை அந்த மெழுகில் கீறலாகப் பதியவைக்க வேண்டும். பிறகு கீறல் விழுந்த இடங்களில் முளை அடிக்க வேண்டும். அதாவது இயந்திரம் முதலில் ஒரு மனிதனைக் கேட்கிறது. அவன் எங்கே இழுத்தான், எங்கே அவசரப்பட்டான் என்பதெல்லாம் மெழுகில் விழுந்துவிடும்.

(இந்தச் சகோதரர்கள் அப்படியொன்றும் நல்ல பிள்ளைகள் அல்ல. இசை பற்றியும் எழுதிய தத்துவஞானி அல்கிந்தியோடு பகை பாராட்டி அவருடைய நூலகத்தையே பறிக்க வைத்தவர்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது வேறு கதை.)

இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். நடந்த வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

முளை அடித்த உருளை பின்னர் ஐரோப்பாவின் மணிக்கூண்டுகளிலும் உருளை ஆர்கன்களிலும் இசைப் பெட்டிகளிலும் தோன்றுகிறது. அது பக்தாதிலிருந்து நேரே போனதா, அங்கே தனியாக முளைத்ததா என்ற சர்ச்சைக்குள் போக இங்கே இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்குப் பதிலாகத் துளையிட்ட கடதாசிச் சுருள் வந்தது. பியானோவுக்குள் சுருளைப் போட்டால் கட்டைகள் தாமே தாழும். இன்று எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் சுரங்களை எழுதும் சாளரத்துக்கு 'பியானோ ரோல்' என்றே பெயர். கட்டங்கள் போட்ட ஒரு திரை, அதில் சிறு சிறு கோடுகள். கோட்டின் உயரம் சுரம், நீளம் காலம். பனூ மூஸாவின் உருளையை விரித்துச் சுவரில் ஒட்டினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

சிந்தசைசர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராபர்ட் மூக் 1964இல் தமது முதல் மாதிரியைக் காட்டினார். 1983இல் இரண்டு காரியங்கள் நடந்தன. யமஹாவின் டிஎக்ஸ்7 கடைக்கு வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' என்ற பொதுமொழியும் வந்தது. இந்த மிடியைத்தான் வாசகர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டும். அது ஒலியைக் கொண்டு போவதில்லை, கட்டளையை மட்டுமே கொண்டு போகும். 'அறுபதாம் இலக்கச் சுரத்தை இவ்வளவு பலத்தோடு அழுத்து, இப்போது விடு' என்பது போல. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை இலக்கம். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. பதின்மூன்றாவதுக்கு அங்கே இடமில்லை.

இந்த இயந்திரங்களைக் கண்டு கலைஞர்கள் பயந்ததும் நியாயமே. 1982இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசர்களைக் கட்டுப்படுத்தக் கோரித் தீர்மானம் போட்டது. சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை. சென்னையிலோ தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் இருந்து வாசித்த இடத்தில் தொண்ணூறுகளில் கீபோர்டும் கணினியும் உட்கார்ந்துகொண்டன. அந்த மாற்றத்தின் முகமாக இருந்தவரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. 1992இல் 'ரோஜா' வருவதற்கு முன்பே, 1989இல், 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு அவர் இசையமைத்திருந்தார். அதற்கு முந்திய தலைமுறை நாகூர் ஈ.எம். ஹனீஃபாவின் குரலில் வளர்ந்தது. சிறிய பக்கவாத்தியக் குழு, நடுவில் அந்தக் குரல், அவ்வளவுதான்.

இனி தொண்டைமானாற்றுக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியும் வலிகாமமும் சந்திக்கும் இடத்தில், களப்பு கடலோடு சேருகிற ஊர். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக ஆற்றை வெட்டினான் என்று ஊர்ப்பெயருக்கு மரபுக்கதை உண்டு. செல்வச்சந்நிதி முருகன் கோயில் அங்கேதான். எண்பதுகளில் உயர்தரம் படித்தவர்களுக்கு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களால் அந்தப் பெயர் தெரியும். எனக்கு அது தெரிந்தது மாமாவால்.

மாமா, அதாவது உம்மாவின் தம்பி, சோனகதெருவில் தையற்காரர். நிக்காஹ் வீடுகளில் றபான் அடித்து பைத் பாடுவார். தொண்டைமானாற்றில் அவருக்கொரு சிநேகிதர் இருந்தார். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். ஆர்மோனியமும் கொஞ்சம் வாசிப்பார். 1987 அளவில் எங்கள் குடும்பக் கலியாணமொன்றுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்த அவர், இரவு முழுதும் மாமா பாடியதைக் கசெட்டில் பிடித்துக்கொண்டு போனார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்கள் புத்தளத்துக்குக் கொண்டுவந்ததில் கசெட் எதுவும் இல்லை. றபானும் இல்லை. மாமா அதற்குப் பிறகு றபான் அடிக்கவேயில்லை. புத்தளத்திலேயே மௌத்தானார். அவருடைய குரல் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை என்றுதான் முப்பது வருஷம் நினைத்திருந்தோம்.

அந்த ஒரு கசெட் தொண்டைமானாற்றில் இருந்திருக்கிறது. இடப்பெயர்வு, பங்கர், ஷெல் எல்லாவற்றையும் தாண்டி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்திருக்கிறது. குடாநாட்டில் மின்சாரமில்லாத அந்த வருஷங்களில் சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அந்தச் சிநேகிதரும் அப்படித்தான் இந்தக் கசெட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார். "அப்பப்பா சுத்தச் சுத்த, நாங்கள் எல்லாரும் இருந்து கேட்பம். கை உளைஞ்சால் பாட்டும் இழுபடும்" என்று அவருடைய பேரன் எனக்குச் சொன்னான். பேரனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வீட்டின் பின்னறையில் மெத்தைத் துணி ஒட்டி ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கசெட்டைக் கணினியில் ஏற்றிவிட்டு, ஆட்களை விசாரித்து, என்னைக் கண்டுபிடித்தவனும் அவன்தான்.

நான் போன அன்று அவன் ஒரு விஷயம் காட்டினான். "ஐயா, இதுக்குப் பின்னாலை கொஞ்சம் மியூசிக் போட்டால் இந்தக் காலத்துப் பிள்ளையளும் கேட்கும். நான் ஒண்டையும் தொடத் தேவையில்லை. எழுதினால் அதுவே செய்யும், பாருங்கோ."

அவன் செய்ததை விளக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை மற்ற மென்பொருள்களோடு இணைக்க 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறிமுறை வெளியானது. அந்த மாதிரி ஏற்பாடுகளின் வழியே இப்போது இசை மென்பொருளையும் ஒரு 'முகவரி'டம் ஒப்படைக்கலாம். முகவர் என்பது வெறுமனே பதில் சொல்லும் நிரல் அல்ல, காரியத்தையும் செய்கிற நிரல். 'மெதுவான சிந்தசைசர் பின்னணி வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால், அது அந்த வரியைச் சிறு கட்டளைகளாக உடைக்கிறது. வேகம் என்னவென்று பார், புதிய மிடி தடம் ஒன்று சேர், அதில் இன்ன ஒலியை ஏற்று, பதினாறு மாத்திரைக்கு இடம் ஒதுக்கு, இன்ன சுரம் இன்ன இடத்தில் இவ்வளவு நேரம். ஒவ்வொன்றும் மென்பொருளுக்குப் போகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக முளைத்தன. நீண்டு ஒலிக்கும் 'பேட்', அடித்தளத்துக்கு ஒரு 'பாஸ்', வயலின் கூட்டம், மேலே மணி போல ஒன்று. மொத்தம் நான்கு. ஒரு நிமிஷமும் ஆகவில்லை. அவன் எந்த நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தினான் என்பது இங்கே முக்கியமல்ல.

கேட்க நன்றாகத்தான் இருந்தது, மாமா வாய் திறக்கும் வரைக்கும்.

முதலாவது பிரச்சினை தாளம். மாமாவின் றபான் தொடக்கத்தில் ஒரு நடையில் போய், ஸலவாத் வரும் இடத்தில் சூடேறி, பிறகு இறங்கும். சுற்றி இருந்தவர்களின் கைதட்டும் அதோடு ஏறும். முகவரோ நிமிஷத்துக்கு 96 என்று ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது நிமிஷத்தில் மாமா முன்னே போய்விட்டார், சிந்தசைசர் பின்னே வந்துகொண்டிருந்தது. இதைத் திருத்தலாம். மாமாவின் அடிகளைக் குறித்து வேகத்தையே அதற்கு ஏற்ப வளைக்க மென்பொருளில் வசதி இருக்கிறது. பொடியன் அரை மணித்தியாலம் இருந்து கையால் அதைச் செய்தான்.

இரண்டாவதுதான் கஷ்டம். மாமா பாடிய மெட்டில் ஒரு சுரம், மூன்றாவது சுரம், முகவர் போட்ட எந்தச் சுரத்தோடும் ஒட்டவில்லை. பெரிய காந்தாரம் போட்டால் மாமா தாழப் பாடுவதாகக் கேட்டது. சின்னதைப் போட்டால் உயரப் பாடுவதாகக் கேட்டது. கசெட் ஓடிய வேகத்தில் பிழை என்று பொடியன் நினைத்தான். ஆனால் மற்றச் சுரங்கள் எல்லாம் சரியாக நிற்கின்றனவே.

இந்தச் சுரத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் மன்ஸூர் ஸல்ஸல் என்றொரு ஊத் வாசிப்பாளர் இருந்தார். கி.பி. 791இல் மறைந்தவர். ஊதின் கழுத்தில் நடுவிரல் வைக்கும் இடத்தில், சின்ன மூன்றாம் சுரத்துக்கும் பெரிய மூன்றாம் சுரத்துக்கும் நடுவே, அவர் ஒரு கட்டு கட்டினார். 'வுஸ்தா ஸல்ஸல்', ஸல்ஸலின் நடுவிரல், என்று அதற்குப் பெயர். அல்ஃபாராபி தமது 'கிதாபுல் மூஸீகல் கபீர்' நூலில் அதன் விகிதத்தை 27க்கு 22 என்ற கணக்கில் தருகிறார். இன்றைய அளவில் ஏறத்தாழ 355 சென்ட். மிடியின் பன்னிரண்டு கட்டைகளில் 300 இருக்கிறது, 400 இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. உலகின் பல பள்ளிவாசல்களில் பாங்கு சொல்லப்படும் ராஸ்த் மகாமின் உயிரே இந்தச் சுரத்தில்தான்.

சோனகதெருவின் தையற்காரருக்கு ஸல்ஸலைத் தெரியாது. மகாம் என்ற சொல்லையே அவர் கேட்டிருக்கமாட்டார். அவருடைய உஸ்தாத் பாடினார், இவர் பாடினார். அந்த உஸ்தாதுக்கு அது காயல்பட்டினத்திலிருந்து வந்ததா, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களின் காதால் வந்ததா, நம் பாட்டில் இயல்பாகவே கிடக்கும் அசைவா என்பதை ஒரு கசெட்டை வைத்து நிறுவ முடியாது. அந்த வழியில் ஆராய யாராவது முன்வந்தால் குடாநாட்டு முஸ்லிம்களின் வாய்மொழி வரலாற்றில் ஒரு பெரிய கதவு திறக்கும்.

மிடியாலும் இந்தச் சுரத்தைச் சொல்லவைக்கலாம், நேரே அல்ல, சுற்றி. சுரத்தை வளைக்கும் கட்டளை ஒன்று உண்டு. 16,384 படிகள், நடு 8,192. வழக்கமான அமைப்பில் பெரிய மூன்றாம் சுரத்தை 45 சென்ட் தாழ்த்த வேண்டுமென்றால் அந்த இலக்கத்தை 6,300 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரே சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளைந்துவிடும். ஒருவரை உட்காரச் சொன்னால் வாங்கில் இருக்கும் எல்லாரும் உட்காருவது போல. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் முறை 2018இல்தான் மிடி தரத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஸல்ஸலின் கட்டுக்கு 1,200 வருஷத்துக்கு மேல் வயது.

பொடியன் இதையெல்லாம் எழுதி முகவரிடம் கொடுத்தான். அது உடனே ஒத்துக்கொண்டு வளைவுக் கட்டளைகளைப் போட்டது, இலக்கமும் சரி. ஆனால் மாமா அந்தச் சுரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. மேலே ஏறும்போது கொஞ்சம் உயர்த்தி, இறங்கும்போது கொஞ்சம் தாழ்த்தி. முகவரோ எல்லா இடத்திலும் ஒரே அளவு வளைத்திருந்தது. காரணம் எளிது. நாங்கள் பயன்படுத்திய ஏற்பாட்டில் முகவருக்குக் காதே கிடையாது. கசெட்டின் ஒலி அதனிடம் போகவில்லை, எங்கள் வார்த்தைகளும் தடங்களின் பட்டியலும் மட்டுமே போயின. பனூ மூஸாவின் கருவிக்குக் கருமெழுகு இருந்தது. இதற்கு அது இல்லை. ஒலியைக் கேட்டு ஆராயும் நிரல்கள் வேறாக இருக்கின்றன, அவற்றை இணைக்கவும் கூடும். அப்போதும் அவை எந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பழகியவை என்ற கேள்வி நிற்கும். 1990இல் கைவிட்டு வந்த வீடுகளில் போன கசெட்டுகளை எந்த இயந்திரமும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு யோசனையும் வந்தது. வாத்தியம் வேண்டாம் என்போருக்காக மாஹிர் ஸெய்ன் போன்றவர்கள் குரல் மட்டும், அல்லது தாளம் மட்டும் சேர்த்த பதிப்புகளை வெளியிடுகிறார்கள் அல்லவா? அதுபோல வாத்தியமே இல்லாமல் மனிதக் குரல் கூட்டத்தைப் பின்னணியாகப் போடலாம் என்றான் பொடியன். முகவர் அதையும் சேர்த்துத் தந்தது. 'ஆ' என்று நாற்பது பேர் பாடுவது போல. ஆனால் அந்த நாற்பது பேரும் சிந்தசைசர்தான். அது குரலா வாத்தியமா? என் கேள்விக்கு அவன் சிரித்தான். இந்தக் கேள்வி நம் உலமாக்களிடம் சீக்கிரமே வந்து சேரும்.

மாலையாகிவிட்டது. கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்டது ஒரே ஒரு தடம்: மாமாவின் ஆதார சுரத்தில் சுருதி போல நிற்கும் மெல்லிய ஒலி. மூன்றாம் சுரமே இல்லாததால் அது எதோடும் சண்டை பிடிக்கவில்லை. மற்றவற்றை அழித்துவிட்டோம். அழித்த பிறகுதான் ஒன்று தெளிவாகக் கேட்டது. றபானின் நாதம் கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் மெல்ல மெல்லத் தாழ்கிறது. இரவுப் பனியில் தோல் இளகியிருக்கிறது. ஓரிடத்தில் பாட்டு நிற்க, யாரோ "நெருப்பைக் கொண்டு வாங்கோ" என்கிறார்கள். தோலைச் சூடு காட்டிய பிறகு அடி மறுபடி இறுகி விழுகிறது.

பொடியனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. மாமாவின் குரலையே மாதிரியாகக் கொடுத்து, கசெட்டில் அரைகுறையாக நின்றுபோன பைத்தைப் பாடி முடிக்கச் செய்யலாம். இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2024இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்றதாகவும் தக்க ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். 'ஊர்வசி ஊர்வசி' பாடிய அந்த ஷாகுல் ஹமீது தொண்ணூறுகளின் இறுதியில் விபத்தில் மௌத்தானவர். அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்களும் உண்டு, வேண்டாமே என்றவர்களும் உண்டு. எனக்கு அந்த அனுமதி என்ற பகுதி மட்டும் சரியாகப் பட்டது.

ஆகவே நாங்களும் கேட்டோம். மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகன் லண்டனில் இருக்கிறார். செய்யலாம், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும் என்றார். இளைய மகன் உங்கள் இஷ்டம் என்றார். புத்தளத்தில் இருக்கும் மகள் கசெட்டை முழுவதும் கேட்டாள். தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா எங்க நிப்பாட்டினாரோ அங்கயே நிக்கட்டும். மிச்சத்தப் பாடுறது வாப்பா இல்லையே" என்றாள்.

மூவரில் ஒருவர் மறுத்தால் இல்லை என்பதுதான் நாங்கள் முதலிலேயே பேசிக்கொண்டது. குரல் எந்த நிரலுக்கும் ஏற்றப்படவில்லை. கசெட்டின் சுத்தமான பிரதி ஒன்று, சுருதித் தடம் சேர்த்த பிரதி ஒன்று என இரண்டு கோப்புகள் இப்போது மூன்று பிள்ளைகளிடமும் இருக்கின்றன. மூலக் கசெட்டை எனக்குத் தரவே பொடியன் எடுத்துவைத்திருந்தான். அவனுடைய அப்பப்பா காப்பாற்றி வைத்த பொருள் அது. அதைத் தொண்டைமானாற்றிலேயே, அந்தப் பிஸ்கட் ரின்னுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.